தேசிய விருது வாங்கிய ஆனைகட்டி மலைப் பாட்டு: நஞ்சியம்மா பாடலின் உரிமை யாருக்கு?

2022 ஜூலை 22. சூரரைப் போற்று படத்துக்கு 5 தேசிய விருதுகள் என்று தமிழ்நாடு கொண்டாடிக்கொண்டிருந்த அதே நாளில், சிறந்த பின்னணிப் பாடகி என்று அறிவிக்கப்பட்டவர் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா. இருளர் பழங்குடியைச் சேர்ந்தவர், அறுபது வயதைக் கடந்தவர், ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர்.

அட்டப்பாடி கேரளாவில் இருக்கிறது, அதற்கும் கோவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கோவையிலிருந்து சுமார் 30 கி.மீ. போனால் ஆனைகட்டி, சோதனைச் சாவடியைத் தாண்டினால் அட்டப்பாடி. கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சிறுவாணித் தண்ணீரும் அந்த மலைப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருளர் ஊர்கள், பேச்சும் ஒன்றுதான். மாநிலக் கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது, பாட்டில் இல்லை.

2020ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்தின் 'களக்காத்த' பாடல்தான் அவரை வெளியுலகுக்குக் கொண்டு வந்தது. இசை ஜேக்ஸ் பிஜாய், வரிகளும் குரலும் நஞ்சியம்மா. பறை, தவில், கொகல் ஒலிக்கக் கூடி ஆடிப் பாடும் மரபில் வந்த பாட்டு அது. பூத்து நிற்கும் மரங்களைக் குழந்தைக்குக் காட்டும் ஒரு தாயின் பேச்சு. அட்டப்பாடியில் பழனிசாமி நடத்திய ஆசாத் கலா சமிதி குழுவோடு அதற்கு முன்பே மேடைகளில் பாடி வந்தவர்தான் நஞ்சியம்மா. அவரைத் தேடிப்பிடித்துப் பாட வைத்த இயக்குநர் சச்சி, படம் வெளியாகி சில மாதங்களில், 2020 ஜூனில் காலமாகிவிட்டார். சிறந்த இயக்குநர் விருது அவருக்கு மறைவுக்குப் பிறகே கிடைத்தது.

விருது அறிவித்த கையோடு சர்ச்சையும் வந்தது. ஒரு மாதம் அவகாசம் கொடுத்தாலும் அவரால் ஒரு சாதாரண சினிமாப் பாட்டைப் பாட முடியுமா, வருஷக்கணக்காக சங்கீதம் படித்தவர்களுக்கு இது அவமானம் இல்லையா என்று கேரள இசைக்கலைஞர் ஒருவர் கேட்டார். அல்போன்ஸ் ஜோசப் உள்ளிட்ட இசையமைப்பாளர்கள் நஞ்சியம்மா பக்கம் நின்றார்கள். கேள்வியே கொஞ்சம் கோணலானதுதான். விருது அந்தப் படத்தில் அவர் பாடிய பாட்டுக்கு. அவர் பாடாத பாட்டை வைத்து அவரை எடை போடுவது எப்படிச் சரியாகும்? அந்தப் பாட்டை சங்கீதம் படித்தவர்கள் ஒரு மாதத்தில் அவரைப்போலப் பாடிவிடுவார்களா என்றும் திருப்பிக் கேட்கலாமே.

2022 செப்டம்பர் 30 அன்று டெல்லியில், நாட்டின் முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவரான திரௌபதி முர்முவின் கையால் விருது வாங்கினார். வெள்ளித் தாமரை, 50,000 ரூபாய்.

சரி, பாட்டு யாருக்குச் சொந்தம்?

பெரிதாகப் பேசப்படாத சங்கதி இதுதான். 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் திருத்தம் வந்தது. அதன்படி, படத்துக்காக வரிகளை எழுதிக் கொடுத்தாலும், திரையரங்குக்கு வெளியே அந்தப் பாட்டு பயன்படுத்தப்படும்போது வரும் ராயல்டியில் எழுதியவருக்குச் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. எழுத்தாளர் உரிமை அவர் ஆயுளோடு சேர்த்து மேலும் 60 ஆண்டுகள். பாடியவருக்குத் தனியாக 50 ஆண்டு உரிமை.

ஆனால் இது 'எழுதியவர் இன்னார்' என்று பெயர் போட்டால்தான். 'நாட்டுப்புறப் பாடல்' என்று டைட்டிலில் ஒரு வரி போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஊரே பாடும் பழம்பாட்டுக்குச் சட்டத்தின் கண்ணில் உரிமையாளரே கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்து மெட்டுப் போட்டுக்கொள்ளலாம். கொங்கு வட்டாரத்தின் கும்மிப் பாட்டு, ஒயில் பாட்டு, தாலாட்டு எல்லாவற்றுக்கும் இதே நிலைமைதான். அந்த வகையில் பாடலாசிரியராக நஞ்சியம்மாவின் பெயர் வந்தது, விருதைவிடச் சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு உரிமைக்கும் அவர் போராடி வருகிறார். தன் குடும்ப நிலம் போலி ஆவணத்தால் கைமாறிவிட்டது என்பது அவரது புகார். பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டுத்தர கேரளா 1975ல் சட்டம் போட்டது, அதற்கான விதிகள் வரவே 1986 ஆனது. 1999ல் வந்த புதிய சட்டமோ, 2 ஹெக்டேர் வரை கைமாறிய விவசாய நிலத்துக்குப் பதிலாக வேறு நிலம் தரலாம் என்று மாற்றிவிட்டது. ஒரு பிரபலத்தின் வழக்கு என்பதால் இது செய்தியானது. அட்டப்பாடியில் இதே புகாரோடு அலையும் மற்றக் குடும்பங்களுக்கு அந்த வெளிச்சமும் இல்லை.