ரயர் தொல்பொருள் அல்ல

சென்ற கோடையில் இங்கிலாந்தின் கென்ற் பகுதியில், என் தமக்கையின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவனுக்கும் அவனுடைய ஆங்கிலேய நண்பர்கள் மூவருக்கும் ஒரு பித்து உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜி.எம்.சி. லொறி ஒன்றை வாங்கி, ஆணி ஆணியாகக் கழற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறார்கள். நல்ல பித்துத்தான். குடிப்பதிலும் சூதாடுவதிலும் இது மேல் என்று தமக்கையிடம் நானே பரிந்துபேசியிருக்கிறேன்.

ஆனால் அவர்கள் வாங்கிவைத்திருந்த சில்லுகளைக் கண்டபோது என் பரிவு போய்விட்டது. ஐரோப்பிய இராணுவம் ஒன்றின் களஞ்சியம் கழித்துவிட்ட உபரிப் பொருள்கள். பத்துச் சில்லுகள், பத்து ரயர்கள். தவாளிப்பில் நகம் முழுவதும் புதைகிறது. “மாமா, இது ஒருநாளும் றோட்டில ஓடாத ரயர்” என்றான் பெருமையோடு. பக்கச்சுவரில் உற்பத்தித் திகதியைக் குறிக்கும் மூன்று இலக்கங்கள் இருந்தன: 237. ஏதோ ஓர் ஏழாம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம். எந்தப் பத்தாண்டின் ஏழாம் ஆண்டு? அதை அந்த இலக்கம் சொல்லாது. 2000 ஆம் ஆண்டிலிருந்துதான் நான்கு இலக்கங்கள் வந்தன. ஆகவே அந்த ரயர் எவ்வளவு இளமையாக இருந்தாலும் 1997 இல் பிறந்தது. 1977 இல் பிறந்ததாகவும் இருக்கலாம்.

ஓடாத ரயர் கெடாத ரயர் என்பது இந்தப் பழைய வாகனப் பிரியர்கள் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ளும் மிகப் பெரிய பொய். இறப்பர் தேய்வதால் மட்டும் சாவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் அதை நாளும் தின்கின்றன. அதைத் தடுப்பதற்காகக் கலக்கப்படும் மெழுகு போன்ற பொருள்கள், ரயர் உருண்டு நெளியும்போதுதான் மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வருகின்றன. களஞ்சியத்தில் அடுக்கிவைத்த ரயருக்கு அந்தக் காப்பும் குறைவு. உள்ளே நூலடுக்குகளைப் பிடித்திருக்கும் ஒட்டு விட்டுப்போயிருக்கும்; வெளியே கறுப்பு மினுங்கும். நகத்தை விட்டுப் பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

பிரித்தானியாவுக்கு இது தெரியாததல்ல. 2012 செப்ரெம்பரில், வைற் தீவில் இசைவிழா பார்த்துத் திரும்பிய இளைஞர்களை ஏற்றிவந்த பேருந்து ஒன்று, ஹைன்ட்ஹெட் அருகே முன் ரயர் வெடித்து மரத்தில் மோதியது. மூவர் மாண்டார்கள். அந்த ரயரின் வயது 19. அது பூட்டப்பட்டிருந்த பேருந்தை விட மூத்தது. தவாளிப்பு சட்டத்துக்குப் போதுமானதாகவே இருந்தது! இறந்த இளைஞன் ஒருவனின் தாய் பல ஆண்டுகள் போராடிய பின்னர்தான், 2021 பெப்ரவரி 1 முதல் லொறி, பேருந்துகளின் முன் அச்சில் பத்து வயதைக் கடந்த ரயர் கூடாது என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை வைத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய, வர்த்தகத்துக்குப் பயன்படாத வரலாற்று வாகனங்களுக்கு விலக்கு. வரலாறு என்றால் இறப்பரும் மரியாதை காட்டி வெடிக்காமல் இருக்குமோ?

“நாங்கள் மெதுவாகத்தான் ஓடுவோம், வருடத்தில் பத்துத் தடவைதான்” என்கிறார்கள். வெறும் வண்டியே ஏறத்தாழ ஐந்து தொன். ஊர்த் திருவிழாக்களில் அதன் பின்தட்டில் அயல்வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதாக இவர்களே படம் காட்டுகிறார்கள்.

ரயரை விடப் பொல்லாதது றிம். இக்காலத்துக் கார்ச் சில்லுப்போல அது ஒரே துண்டாக இல்லை. ரயரை ஏற்றிய பின் பக்க வளையம் ஒன்றும் பூட்டு வளையம் ஒன்றும் தவாளிப்பில் அமர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும். தவாளிப்பில் துரு, வளையத்தில் சிறு வளைவு, இரண்டிலொன்று போதும். காற்றடிக்கும்போது தொன் கணக்கான விசை அந்த வளையத்தை வெளியே தள்ளுகிறது. நழுவினால் எதிரே நிற்பவன் பிழைப்பது அரிது. அமெரிக்காவில் இந்த வேலைக்கு இரும்புக்கூண்டு வேண்டும் என்று 1980 இலேயே விதி செய்தார்கள். கழற்றுமுன் வால்வின் உள்ளூசியை எடுத்துக் காற்றை முற்றாக விடவேண்டும். அடிக்கும்போது நீண்ட குழாயோடு ஒதுங்கி நிற்கவேண்டும். என் மருமகனின் கொட்டகையில் கூண்டு இல்லை. ஒரு சங்கிலி இருந்தது, அதுவும் நாய்க்குரியது.

மெய்ம்மை, மூலத்தன்மை என்று இவர்கள் ஓதுவதைக் கேட்டால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்த லொறியின் உண்மை வரலாறு என்ன? 1944 ஓகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை, பிரான்சில் ‘ரெட் போல்’ என்ற வழங்கற் பாதையில் இத்தகைய வண்டிகள் இரவு பகலாக ஓடின. சாரதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். வீதியில் எறிந்த உணவு தகரங்களும் முட்கம்பியும் ரயர்களைக் கிழித்தன. கிழிந்ததை எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டினார்கள். போர்க்காலச் சாரதி எவனும் கால் நூற்றாண்டுப் பழைய ரயரைத் தடவிப் பார்த்துப் பூரித்ததில்லை.

அந்த ரயருக்குள் இருந்த இறப்பர் எங்கிருந்து வந்தது என்று இவர்கள் கேட்பதுமில்லை. 1942 இன் தொடக்கத்தில் மலாயாவும் டச்சுக்காரரின் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானிடம் வீழ்ந்தன. நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய இயற்கை இறப்பர் ஊற்று இலங்கை. அமெரிக்காவிலோ ரயர் தேயக்கூடாதென்று மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓடத் தடை விதித்தார்கள். செயற்கை இறப்பர் பெருகும்வரை எங்கள் தோட்டங்களில் மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பால் வெட்டினார்கள். ‘கொலைவெட்டு’ என்றே அதற்குப் பெயர். களுத்துறையிலும் கேகாலையிலும் விடியுமுன் சிரட்டையோடு போனவர்களில் எத்தனையோ பேர் இந்திய வம்சாவளித் தமிழர். போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. வரலாற்றைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள் அந்தக் கொட்டகைச் சுவரில் இதையும் ஒரு பலகையில் எழுதி மாட்டலாமே! மருமகனிடம் கேட்டேன். அவனுக்கே இது புதுச் செய்தி.

அதே அளவில், அதே பழைய பூ அமைப்பில், இன்றும் புது ரயர் வார்க்கிறார்கள். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவனுக்கு வித்தியாசம் தெரியாது. விலை கூடத்தான். இயந்திரத்துக்கும் வர்ணத்துக்கும் கதவில் தீட்டிய வெள்ளை நட்சத்திரத்துக்கும் கொட்டிய பணத்தின் முன் அது ஒரு விலையா?

நான் ஊர் திரும்பி இரண்டு மாதத்தின் பின் கடிதம் எழுதியிருந்தான். றிம்களைத் தொழில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சோதித்ததில் மூன்றைக் கழித்துவிட்டாராம். புது ரயர்களுக்குச் சொல்லியாயிற்றாம். பழைய பத்தையும் பாதி விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருந்தான். பக்கச்சுவர்களை வாளால் குறுக்கே அறுத்துவிட்டுக் கொடு என்று பதில் எழுதினேன்.