பெட்டியா, கைப்பேசியா?

சேவூரில் பட்டுத் தறி நெய்கிறவர்களில் சிலருக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. தறிக்குழியில் கால் இருக்கும் நேரத்தில் படம் பார்க்க இயலாது. கண் அகன்றால் இழை அறுந்தது தெரியாது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. அதில் ‘வயலும் வாழ்வும்’ வந்த மாலை வேளையில் பெட்டியின் முன் இருந்தவருக்கே அது பயன்பட்டது. தவறவிட்டால் தவறியதுதான். இன்று தறி நின்ற பிறகு, இரவு பத்து மணிக்குக்கூடக் கைப்பேசியில் வேண்டிய பயிரைத் தேடிப் பார்க்கலாம். புரியாத இடத்தைத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். இந்த வசதியைக் குறைத்துப் பேசுவது நியாயமன்று.

ஆனால் பெட்டியில் அன்று வந்தது அந்தந்தப் பருவத்துக்கான செய்தி. சொன்னவர் பல்கலைக்கழக விஞ்ஞானியோ வேளாண்மை அதிகாரியோ என்பதும் தெரியும். பட்டணத்தார் சினிமாப் பாட்டுக்குக் காத்துக்கொண்டு அந்நிகழ்ச்சியைக் கேலி செய்தார்கள், போகட்டும். பலர் கூடிப் பார்த்ததால் மறுநாள் வரப்பில் நின்று பேசவும் ஒரு விஷயம் இருந்தது. வானொலியிலும் இப்படித்தான். 1960களில் தஞ்சையில் ஆடுதுறை 27 நெல்லை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள்.

கைப்பேசியில் வருவது எந்த ஊர், எந்தப் பட்டம், எந்த வருஷம் என்று பல சமயம் தெரிவதில்லை. நவரை நெல்லில் புகையான் கண்டதும் ஒருவர் படத்தைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் எடுத்த படமாயின் அது மருந்தில் தொடங்கி மருந்தில் முடியும். புகையானுக்கு முதலில் செய்ய வேண்டியது தண்ணீரை வடிப்பது. பூச்சி தூரின் அடியில் இருப்பதால் மருந்தும் அங்கேயே பட வேண்டும். தழைச்சத்தை அள்ளிப் போடக் கூடாது. செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால் புகையான் முன்னிலும் பெருகும். இதைச் சொல்லாத படத்தை நம்பினால் மருந்துச் செலவும் போகும், பயிரும் போகும்.

இன்னொன்று. பெட்டியில் வந்தது அன்றோடு மறைந்தது. கைப்பேசியில் வந்தது மறைவதே இல்லை. மானோகுரோட்டோபாஸ் 36 சதக் கரைசலை விலக்க மத்திய அரசு 2023இல் ஆணையிட்டது. அதற்கு முந்திய படத்தில் அதே மருந்தைச் சிபாரிசு செய்திருந்தால், அது இன்றும் அப்படியே ஓடும்.

ஆகவே கைப்பேசியை ஒதுக்க வேண்டியதில்லை. வேளாண்மைத் துறையும் பல்கலைக்கழகமும் தொலைக்காட்சி நிலையமும் தாங்கள் இணையத்தில் போடும் ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் மாவட்டம், பட்டம், தேதி மூன்றையும் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். பழையதான சிபாரிசுகளை நீக்க வேண்டும். இது பெரிய செலவில்லாத காரியம். தேதியும் ஊரும் இல்லாத படத்தை விவசாயி கதையாகப் பார்க்கலாம். அதை வைத்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டக் கூடாது. பூச்சியுள்ள தூர் ஒன்றைப் பிடுங்கி உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டலாம். அல்லது 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.