கல்லில் ஒரு கணக்கு, ஏட்டில் ஒரு கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் விமானத்தை அண்ணாந்து பார்த்து வியந்து திரும்புகின்றனர். சற்றுக் குனிந்து அடித்தளத்தை நோக்கினால், அங்கே விரிவது ஒரு கணக்குப் புத்தகம். 1010-ஆம் ஆண்டை ஒட்டி முதலாம் இராசராசன் காலத்தில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளின்படி, ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு.

1968-இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ஸ்பென்சர் இக்கல்வெட்டுகளைப் பொருளியல் நோக்கில் ஆராய்ந்தார். காணிக்கைக் காசு கோயிற் பெட்டகத்துள் முடங்கவில்லை. சுற்றுப்புறத்து ஊர்ச் சபைகளுக்குக் கடனாகச் சென்றது. வட்டி, காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அஃதாவது 12.5 விழுக்காடு. அவ்வட்டியே வழிபாட்டுச் செலவைத் தாங்கிற்று. 1978-இல் கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டனர்.

இன்று பொருளியலார் நம் திருச்சபையின் வரலாற்றையும் இவ்வாறே எண்ணிப் பார்க்கின்றனர். தென்னமெரிக்காவில் குவரானி மக்களிடையே இயேசு சபையார் நிறுவிய மறைத்தளங்களை வலென்சியா கைசேதோ என்பவர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார். 1767-இல் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். 250 ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்விடங்களில் கல்வி 10 முதல் 15 விழுக்காடு மிகுந்திருக்கிறதாம். உடனே நாம் மார்தட்ட வேண்டியதில்லை. குருக்கள் தொடக்கத்திலேயே நல்ல மண்ணைத் தேடிக் குடியேறியிருக்கலாமன்றோ? அந்த ஐயத்தைத் தீர்க்கவே அவர், தொடங்கிய சில காலத்திலேயே கைவிடப்பட்ட தளங்களையும் அருகே வைத்து ஒப்பிட்டார். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் டெல்டாப் பங்குகளில் எண்ணுவதற்கு என்ன உண்டு? திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள். பெரிய கோயிற் கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் உண்டு, கடன் பெற்ற சபையின் பெயர் உண்டு; அவ்வட்டிக்காகக் கதிர் அறுத்தவர் பெயர் இல்லை. நான் பணியாற்றிய பங்குகளின் ஏடுகளிலோ மிராசுதாரர் குழந்தைக்கும் பண்ணையாள் குழந்தைக்கும் ஒரே அளவு வரி. கல்லறையில் சுவர் எழுப்பிப் பிரித்த ஊர்களிலும், ஏட்டில் அடுத்தடுத்தே நிற்கின்றனர். வேற்றூரில் மணந்தவரின் திருமணக் குறிப்பு, திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் பதியப்படுகிறது. அவ்வோரங்களை மட்டும் எண்ணினாலே, பிழைப்புத் தேடி இம்மண்ணைவிட்டுப் போனவர்களின் வரலாறு கிடைத்துவிடும்.

ஆனால் அது கருங்கல், இது தாள். ஐப்பசி மழையின் ஈரத்துக்கும் கறையானுக்கும் தாள் தாங்காது. பழைய ஏடுகளைக் கருத்துடன் பாதுகாக்க வேண்டுமென 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் விதி பணிக்கிறது. எங்கள் பங்கில் இளைஞர் இருவர் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வருகின்றனர். இன்னும் நான்கு ஏடுகள் எஞ்சியுள்ளன.