வாப்பாவுக்கு எட்டாத ஆய்வுகள்

சென்ற விடுமுறையில் ஒரு நாள், கடலுக்குப் போய் வந்த வாப்பா சரியாகச் சாப்பிடவில்லை. உம்மா காரணம் கேட்டார். "வலையில் ஓர் ஆமை பட்டிருந்தது. அசைவே இல்லை. மௌத்தாகிவிட்டது என்று நினைத்துக் கடலிலேயே விட்டுவிட்டேன்" என்றார் வாப்பா. எங்கள் ஊர் கற்பிட்டி. வலையில் ஆமை படுவது இங்கே புதினமான செய்தியல்ல.

சில வாரங்களின் பின், உயிரியல் பாடத்துக்காக ஆங்கிலக் கையேடொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அசையாத ஆமைகள் எல்லாம் இறந்த ஆமைகள் அல்ல என்று அதில் இருந்தது. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. வலையில் சிக்கி நீருக்கடியில் நெடுநேரம் இருந்தால் மயங்கிப் போகும். அதை வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தைச் சுமார் 15 சென்ரிமீற்றர் உயர்த்தி, நிழலில் ஈரத்துணியால் மூடி வைத்தால், 4 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தெளிந்துவிடக் கூடும். மயங்கிய நிலையில் கடலில் விட்டால் மூழ்கி இறந்துவிடும்.

இதை வாப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை முந்தியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது.

கடலாமை பற்றிய அறிவுக்கு உலகில் பஞ்சமில்லை. 'மரைன் டேர்ட்ல் நியூஸ்லெட்டர்' என்ற ஆய்விதழ் 1976 முதல் வெளிவருகிறது. எமது சமுத்திரத்துக்கென்றே 'இந்தியன் ஓஷன் டேர்ட்ல் நியூஸ்லெட்டர்' 2005இல் தொடங்கப்பட்டது. இரண்டையும் எவரும் இலவசமாகப் படிக்கலாம். இப்படி ஆய்வுகளை ஓரிடத்தில் திரட்டி எல்லோருக்கும் திறந்துவைப்பது மிகவும் அவசியமானது. ஏனெனில் ஆமைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு நாட்டின் கரையில் முட்டையிடும் ஆமை இன்னொரு நாட்டின் கடலில் மேயும். ஒவ்வொரு நாடும் தான் கண்டதைத் தன்னோடு வைத்துக்கொண்டால், அதன் வாழ்க்கையில் பாதியைத்தான் எவரும் அறிந்திருப்பார்கள்.

உலகிலுள்ள 7 வகைக் கடலாமைகளில் 5 வகைகள் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. இங்கே 1972 முதல் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. பீ.ஈ.பீ. தெரணியகல 1939இலேயே இலங்கையின் ஆமைகள், முதலைகள் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அதுவும் ஆங்கிலத்தில்தான். 'மரைன் டேர்ட்ல் நியூஸ்லெட்டர்' ஸ்பானிய மொழியிலும் வெளிவந்திருக்கிறது. ஸ்பானிய மீனவருக்குக் கிடைத்தது தமிழ், சிங்கள மீனவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

"எல்லாம் இணையத்தில் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். இருப்பது வேறு, எட்டுவது வேறு. பல ஆய்வுகளைப் பணம் கட்டினால்தான் திறக்க முடியும். திறந்தாலும் மொழி தடுக்கும். மொழி புரிந்தாலும், விடியற்காலையில் வலை இழுப்பவருக்கு இருபது பக்கக் கட்டுரை உதவாது. அவருக்கு வேண்டியது ஒரு பக்கம்.

அறிவு ஒரு பக்கமாக மட்டும் வருவதும் போதாது. எந்த மாதத்தில், எந்தப் பக்கத்தில், எந்த வலையில் ஆமை அதிகம் படுகிறது என்பது கடற்றொழிலாளருக்குத் தெரியும். அவர்கள் சொல்வதையும் இந்த நூலகம் ஏற்க வேண்டும். ஆனால் சொல்பவரின் பெயர் கேட்கக் கூடாது. "ஆமையைப் படகில் வைத்திருந்தால் கேஸ் வராதா?" என்று வாப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வனஜீவராசிகள் திணைக்கள அதிகாரிகளிடம் இதற்குத் தெளிவான விடை பெற்று, அதையும் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பயம் இருக்கும்வரை யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

இதற்குக் கட்டடமோ பெரும் பணமோ தேவையில்லை. எமது கல்லூரி நூலகத்தில் ஒரு தட்டு போதும். உயர்தர உயிரியல் மாணவிகள் மாதம் ஓர் ஆய்வைப் படித்து, ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக எழுதலாம். பிழையான செய்தி ஆமையைக் கொன்றுவிடும் என்பதால், ஆசிரியர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். அயலிலுள்ள சிங்கள மொழிப் பாடசாலையோடு பரிமாறிக்கொள்ளலாம். கடற்றொழில் செய்யும் பெற்றோர் தாம் கண்டதை மகளிடம் சொல்லியனுப்பலாம். ஒரு பிரதியைக் கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒட்டலாம்.

இப்போது வாப்பாவின் படகில், பொலித்தீன் உறைக்குள், என் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது. பக்கத்துப் படகுக்காரரும் ஒன்று கேட்டிருக்கிறார். கற்பிட்டியில் எத்தனை படகுகள்! நான் ஒருத்தி எழுதி முடியாது. தோழிகளே, கை கொடுப்பீர்களா?