மூன்று வெளியே, இரண்டு உள்ளே: எல்லா உயிரணுவிலுமா?

"மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே." உயிரியல் மாணவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவார். வேர் உயிரணு பொட்டாசியத்தை எப்படி உறிஞ்சுகிறது என்ற முதலாண்டுத் தேர்வுக் கேள்விக்கு நானும் இதைத்தான் எழுதினேன். விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுந்தது. கோபம் தணிந்த பிறகே தவறு என்னுடையது என்று புரிந்தது.

யென்ஸ் ஸ்கௌ 1957-இல் நண்டின் நரம்பில் கண்டறிந்து, 1997-இல் நோபெல் பரிசு பெற்ற அந்தப் பம்பு விலங்குகளுக்கு உரியது. பூக்கும் தாவரங்களில் அது கிடையாது. அவை ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளுகின்றன. இதனால் உயிரணுவின் உட்புறம் எதிர்மின்னூட்டம் பெற, பொட்டாசியம் தனக்குரிய வாயில் வழியே ஈர்க்கப்படுகிறது. மண்ணில் பொட்டாசியம் அரிதானால், உள்ளே திரும்பும் புரோட்டானின் துணையோடு நுழைகிறது. சோடியத்தை வெளியேற்றவும் புரோட்டான்தான் கைமாற்று. மிஞ்சிய சோடியம் வாக்குவோல் என்ற சாற்றுப் பையில் பூட்டப்படுகிறது.

ஈஸ்டும் புரோட்டானை நம்பியே வாழ்கிறது. சோடியத்தைத் துரத்த மட்டும் தனிப் பம்பு வைத்திருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியாவோ பொட்டாசியப் பஞ்சம் வந்தால்தான் ஏடிபியில் இயங்கும் ஒரு பம்பைக் கட்டுகிறது. சிக்கனக்காரர்!

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் மரபணுக்களை இழந்த ஈஸ்ட், பொட்டாசியம் குறைந்த ஊடகத்தில் வளராது. அதற்குள் அராபிடாப்சிஸ் செடியின் மரபணுக்களைச் செலுத்தினார்கள். சில பிழைத்து வளர்ந்தன. தாவரங்களின் முதல் பொட்டாசிய வாயில்கள் இப்படித்தான் 1992-இல் அகப்பட்டன.

"அடிப்படைப் பாடத்துக்கு விலங்கு உயிரணு போதாதா?" என்பார்கள். போதாது என்பேன். நோனா போக்ரா என்ற நெல் வகை உப்பு மண்ணைத் தாங்குகிறது. தண்டில் ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தை மீட்டு, இலையைக் காக்கும் புரதம் அதற்குத் துணை என்று 2005-இல் தெரியவந்தது. சோறு உண்ணும் நாம் நரம்பை மட்டும் படித்தால் இது எப்படி விளங்கும்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் நம் பேரவை நண்பர்களாவது புரோட்டானிலிருந்து தொடங்கலாம். முடிந்தால் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள அப்பி-அப்பி மரத்தின் இலைமேல் பூத்திருக்கும் உப்பைக் காட்டி, அது எப்படி வெளியே வந்தது என்று கேளுங்கள். யாராவது ஒருவர் "மூன்று வெளியே" என்று தொடங்குவார். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.