காலி என்று சொல்ல ஆதாரம் வேண்டும்

மாதிரி ரயில் அமைப்பில் வண்டி எங்கே நிற்கிறது என்று கண்டறியப் பரவலாகக் கையாளும் வழி, மின்னோட்டத்தைக் கவனிப்பது. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் போகும் வயரில் எதிரெதிர்த் திசையில் டையோடுகளை இணைப்பார்கள். என்ஜின் ஏறி மின்சாரம் இழுத்ததும் டையோடின் குறுக்கே சுமார் 0.7 வோல்ட் தோன்றும். ஒரு டிரான்சிஸ்டர் அதை உணர்ந்து விளக்கை எரியவிடும். செலவு குறைவு. ஆனால், அடிப்படையிலேயே ஒரு குறை இருக்கிறது. வயர் அறுந்தாலும், தூசி படிந்து சக்கரத்துக்கு மின்சாரம் எட்டாவிட்டாலும், இந்தச் சுற்று ‘தடம் காலி’ என்றே சொல்லும்.

இதே குறையை நிஜ ரயில்வே 150 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துவிட்டது. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன், 1870இல் நியூயார்க் கண்காட்சியில் தன் தானியங்கி சிக்னலை முதலில் மாதிரியாகத்தான் காட்டினார். பிறகு, பென்சில்வேனியாவின் கின்சுவாவில் நிறுவினார். வயர் அறுந்தால் அதுவும் ‘போகலாம்’ என்றே காட்டும். எனவே, அவர் ஏற்பாட்டையே தலைகீழாக்கினார். தடம் காலியாக இருக்கும்வரை தண்டவாளம் வழியே மின்சாரம் ஓடி ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். வண்டி ஏறினால் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விழும். வயர் அறுந்தாலும் விழும், பேட்டரி தீர்ந்தாலும் விழும். விழுந்தால் சிவப்பு. 1872இல் காப்புரிமை பெற்ற அந்த டிராக் சர்க்யூட் இன்றும் நம் ரயில் நிலையங்களைக் காக்கிறது.

மாதிரியில் என்ஜினுக்கு மின்சாரம் தருவதும் அதே தண்டவாளம்தான். அதனால் ராபின்சனின் சுற்றை அப்படியே பயன்படுத்த முடியாது, ஆனால், ‘காலி என்று சொல்ல ஆதாரம் வேண்டும்’ என்ற கொள்கையைப் பின்பற்றலாம். மாதிரிப் பெட்டிகளின் சக்கரங்கள் மின்காப்பு செய்யப்பட்டவை. கொக்கி கழன்று நடுவழியில் நின்றுவிட்ட பெட்டி நம் கண்ணுக்குத் தெரியும், சுற்றுக்குத் தெரியாது. அச்சில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஒட்டி, மின்சாரம் கடத்தும் பெயின்ட்டால் இரு சக்கரங்களோடும் சேர்த்தால், 15 வோல்ட்டில் 1.5 மில்லிஆம்பியர் ஓடும். நல்ல உணர்கருவிக்கு அது போதும். கடைசிப் பெட்டிக்காவது இதைச் செய்தே ஆக வேண்டும்.

மாதிரியை இயக்கும் மென்பொருளிலும் ஒரு விதி தேவை: அடுத்த துண்டில் வண்டி ஏறிய தகவல் வராமல் முந்தைய துண்டைக் காலி என்று ஏற்கக் கூடாது. நிஜத் தடங்களில் ஆக்சில் கவுன்ட்டரும் இப்படிக் கறாரானதுதான். உள்ளே போன அச்சுகளும் வெளியே வந்த அச்சுகளும் கணக்கில் ஒத்துவராதவரை தடம் காலி இல்லை.

கண்காட்சிக்கு ரயில் மாதிரி செய்யும் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டி ஓடுவதைக் காட்டியதோடு நிறுத்தாதீர்கள். பார்வையாளர் முன்னிலையில் ஒரு சென்சார் வயரைப் பிடுங்கிக் காட்டுங்கள். சிக்னல் சிவப்புக்குப் போனால்தான் உங்கள் வேலை முடிந்தது.

- கட்டுரையாளர், ரயில்வே சிக்னல் பொறியாளர்