வரப்பில் நடக்கும் உரிமை

கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த நாட்களில், ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, அங்கேயே பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவரோடு ஊருக்கு வெளியே நடக்கக் கிளம்பினேன். ஒரு மணிநேரம் கழித்துப் பாதை ஒரு கோதுமை வயலின் விளிம்பில் வந்து முடிந்தது. முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். நண்பர் அங்கிருந்த மரக் கைகாட்டியைச் சுட்டிவிட்டுத் தயங்காமல் வயலுக்குள் இறங்கிவிட்டார். அப்போதுதான் பயிரின் நடுவே, ஓர் ஆள் நடக்கும் அகலத்தில், மறுகரை வரை ஒரு கோடு போவதைக் கண்டேன். நான் தஞ்சைப் பக்கம் வளர்ந்தவன். கதிர் வந்த வயலில் கால் வைப்பது பாவம் என்று சொன்ன பாட்டியின் பேரன். அடுத்தவர் வரப்பில் நடக்கவும் ஒரு குரல் கொடுத்துவிட்டு நடந்தே பழக்கம். எதிரே டிராக்டரில் வந்தவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

அந்தக் கோடு அவருடைய பெருந்தன்மை அல்ல என்று நண்பர் பிறகு விளக்கினார். வயலின் குறுக்கே செல்லும் பொதுக் கால்வழியை உழுதால், 14 நாட்களுக்குள் அதை மீண்டும் நடக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்; பயிர் வளர்ந்த பின்னும் குறைந்தது 1 மீட்டர் அகலம் விட்டிருக்க வேண்டும். இது சட்டம். நிலம் அவருடையது, வழி ஊருடையது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இத்தகைய வழிகள் அதிகாரபூர்வ வரைபடங்களில் பதிவாகியிருக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை சுற்றுலாவுக்காகப் போடப்பட்டவை அல்ல. தேவாலயத்துக்கும் சந்தைக்கும் ஆலைக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டானவை.

1932இல் இயற்றப்பட்ட வழியுரிமைச் சட்டம் ஒரு விதியைத் தெளிவாக்கியது: பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு வழியில் நடந்திருந்தால், அந்த வழி பொதுவுக்கு விடப்பட்டதாகவே கொள்ளப்படும். அனுமதி கேட்டு நடந்தால் கணக்கில் வராது என்பதைக் கவனியுங்கள். தன் உரிமை என்று எண்ணி நடந்தவனின் கால்களுக்கு மட்டுமே அங்கே சாட்சி மதிப்பு.

இதைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று பெருமூச்சு விடுபவர்களுக்காக இதை எழுதவில்லை. இந்த உரிமை அங்கே இழக்கப்பட்டு, பிறகு சண்டை போட்டு ஓரளவு மீட்கப்பட்டது. நான் நடந்த அந்தப் பிரதேசமே இழப்பின் வரலாறுதான்.

கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஃபென் எனப்படும் பரந்த தாழ்நிலம் இருக்கிறது. ஒருகாலத்தில் நாணலும் கோரையும் விலாங்கு மீனும் நீர்ப்பறவைகளும் நிறைந்த சதுப்பு. பணம் படைத்தவர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து அதை வடித்து வயலாக்கினார்கள். அங்கிருந்த விட்டில்ஸி என்னும் பெரிய ஏரி 1851இல் வற்றவைக்கப்பட்டது. நீர் போனதும் பீட் என்னும் கரிய மண் சுருங்கத் தொடங்கியது. எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பதற்காக ஹோம் ஃபென் என்ற இடத்தில் ஓர் இரும்புத் தூணைத் தலை மட்டும் தெரியும்படி மண்ணில் இறக்கினார்கள். இன்று அந்தத் தூண் தரைக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. தூண் வளரவில்லை, நிலம்தான் இறங்கிவிட்டது.

இந்தத் தாழ்நிலத்தின் ஓரத்தில் உள்ள ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் 1793இல் பிறந்தவர் கவிஞர் ஜான் கிளேர். கதிரடிக்கும் கூலித் தொழிலாளியின் மகன், தானும் கூலியாள். 1809இல் நாடாளுமன்றம் அவருடைய ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் வேலியடைப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் தனியார் உடைமையாகப் பிரிக்கப்பட்டன, ஓடைகள் நேராக்கப்பட்டன, சிறுவயதில் திரிந்த வழிகள் அடைபட்டன. வயிற்றுப்பாட்டுக்காக அந்த வேலிகளுக்குச் செடி நடும் வேலைக்கும் அவரே போனார் என்பது நெஞ்சை உறுத்தும் தகவல். பின்னாளில் மனம் பிறழ்ந்து லண்டனுக்கு அருகே ஒரு காப்பகத்தில் இருந்தவர், 1841 ஜூலையில் அங்கிருந்து வெளியேறி, நான்கு நாட்களில் 80 மைலுக்கு மேல் நடந்தே வீடு திரும்பினார். வழியில் பசிக்குச் சாலையோரப் புல்லைத் தின்றதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். நடையைப் பொழுதுபோக்கு என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வருகிறது.

மீட்பின் கதை வேறொரு வர்க்கத்திடமிருந்து தொடங்கியது. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் சில நூறு பேர், பணக்காரர்களின் பறவை வேட்டைக்காக மூடிவைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் என்னும் பீட் மேட்டுநிலத்தில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் வந்த சட்டம் கால்வழிகளை வரைபடத்தில் பதிவு செய்யும்படி உள்ளாட்சிகளுக்குக் கட்டளையிட்டது. 1965இல், அதே ஏப்ரல் 24 அன்று, கிண்டர் மேட்டைக் கடந்து செல்லும் பென்னைன் வே என்னும் நெடும்பாதை திறக்கப்பட்டது. அப்போதும் போராட்டம் முடியவில்லை. பழைய வழிகளை 2026க்குள் பதிவு செய்யாவிட்டால் உரிமை போய்விடும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. தன்னார்வலர்கள் ஆவணக் காப்பகங்களில் பழைய வரைபடங்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கெடு 2031க்குத் தள்ளப்பட்டு, 2024 டிசம்பரில் அதைக் கைவிடப்போவதாக அரசு அறிவித்தது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. சதுப்புநிலம் மென்மையானது, ஆயிரம் கால்கள் அதை மிதித்தால் என்ன ஆகும்? பறவை முட்டையிடும் காலத்தில் மனிதன் தள்ளி நிற்பதல்லவா நல்லது? இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பென்னைன் வேயிலேயே கால்பட்டுப் பீட் கரைந்து, பாதை சேற்று ஓடையாக அகன்றுபோனது. அதற்காகப் பாதையை மூடிவிடவில்லை. கைவிடப்பட்ட பஞ்சாலைகளின் தளக்கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து பதித்தார்கள். எந்த ஆலைத் தொழிலாளர்கள் மலையேறும் உரிமைக்காகச் சிறை போனார்களோ, அதே வட்டாரத்து ஆலைகளின் தரைமேல் இன்று மக்கள் சதுப்பைக் கடக்கிறார்கள். விக்கன் ஃபென்னில் வேறொரு வழி. தேசிய அறக்கட்டளை அங்கே முதல் துண்டு நிலத்தை 1899இல் வாங்கியது. சுற்றியுள்ள வயல்கள் சுருங்கித் தாழ்ந்துவிட, வடிக்கப்படாத இந்தச் சதுப்பு மட்டும் உயர்ந்து நிற்கிறது. கோரைக்கு நடுவே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். நான் போனபோது அதற்குக் கட்டணம் உண்டு. பக்கத்து ஓடைக்கரையின் பொதுப்பாதைக்கு இல்லை. பறவை காலத்தில் ஒரு வழியை அடைப்பதும், கல்லோ பலகையோ போட்டு மண்ணைக் காப்பதும் பராமரிப்பு. வழியே இல்லையென்று ஆக்குவது வேறு.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், நம்முடைய நிலச் சட்டமும் அதே கைகள் எழுதியதுதான். 1882இன் இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. அதிலும் 20 ஆண்டு நடையால் வழியுரிமை உண்டாகும். ஆனால் அது முதன்மையாக ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக அந்நிலத்தின் உடைமையாளருக்குக் கிடைக்கும் உரிமை. ஊர் வழக்கத்தால் வரும் உரிமைக்கும் அதில் இடமுண்டு என்றாலும், சும்மா நடந்துபோகும் நிலமற்றவனின் கால்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டமல்ல அது. வேலியடைப்புக்குத் துணைபோன 'பாழ்நிலம்' என்ற எண்ணமும் கூடவே கப்பலேறி வந்தது. வரி தராத நிலம் வீண் நிலம். கழுவெளி என்று தமிழில் அழகான பெயர் இருந்தும், பள்ளிக்கரணைச் சதுப்பு நீண்டகாலம் பயனற்ற நிலமாகவே கருதப்பட்டுக் குப்பைமேடும் கட்டடங்களுமாக நிறைந்தது. அதன் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாயிற்று, 2022இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் அழிப்பதற்கு அடுத்தபடியாக நமக்குத் தெரிந்த ஒரே வழி வேலி போடுவது, அதன்பின் அனுமதிச் சீட்டு கொடுப்பது என்று ஆகிவிடக் கூடாது. புல்லறுக்கவும் மீன்பிடிக்கவும் மாடு ஓட்டவும் நடந்த வழிகளைத் துடைத்துவிட்டு, பார்வையாளருக்கென்று ஒரு வட்டப்பாதை போட்டால், அங்கே நடப்பவன் விருந்தாளி. விருந்தாளிக்கு அந்த நிலத்தின்மேல் கேள்வி கேட்கும் பாத்தியதை கிடையாது. சதுப்புநிலத்தில் ஒரு லாரி மண் கொட்டப்பட்டால் முதலில் பார்ப்பவன் அந்த வழியாகத் தினமும் நடப்பவன்தான். அவனை வெளியேற்றுவது இயற்கைக்கும் நட்டம்.

ஆகவே நான் கேட்பது புதிய நடைபாதைத் திட்டங்களை அல்ல. கிராம வரைபடங்களில் ஏற்கெனவே உள்ள வண்டிப்பாதைகள், ஏரிக்கரைகள், வாய்க்கால் கரைகள் ஆகியவற்றைப் பொதுவழிகளாக ஊரறியப் பட்டியலிட்டு, கைகாட்டி நட்டு, மறிப்பவரைக் கேள்வி கேட்கும் ஓர் ஏற்பாட்டை.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்துபோன வாய்க்கால் கரையைத் தேடிப் போனேன். பாதி தூரத்தில் கம்பிவேலி. எப்போது போட்டார்கள் என்று பக்கத்து வயலில் இருந்த பெரியவரைக் கேட்டேன். "அது ஆச்சு தம்பி ஏழெட்டு வருஷம். எல்லாரும் பஸ்ஸுல போறாங்க, வண்டியில போறாங்க. யாரு நடக்கறா, கேக்கறதுக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நானும் காரில்தான் வந்திருந்தேன்.